பன்னீர் தெளிக்கும் பாவை: கேம் தட்டும் சைக்கிள் செயினும் வைத்து ஒரு செய்முறை

வாசலில் நின்று வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிக்கும் பெண் பாவை இது. உயரம் 120 செ.மீ., காலடியில் 45 செ.மீ. உயரப் பெட்டி. பெட்டிக்குள் பழைய வைப்பர் மோட்டர் ஒன்று, இரண்டு கட்டமாகச் சைக்கிள் செயின், ஒரே தண்டில் ஆறு கேம் தட்டுகள் (சுழலும்போது ஓரத்தின் மேடுபள்ளத்தால் நெம்பை ஏற்றி இறக்கும் தட்டுகள்). கணினிப் பலகை எதுவும் இல்லை. வருகிறவர் பக்கம் முதலில் கண் திரும்பும், பின்னால் தலை. வலக்கை உயர்ந்து பன்னீர்ச் செம்பை மூன்று தரம் உதறும். தலை கொஞ்சம் குனிந்து நிமிரும். பிறகு பழைய நிலை. ஒரு சுற்றுக்கு 16 வினாடி. கோயில் திருவிழாவில் இரவு முழுக்க நிற்காமல் ஓடிவிட்டது. அதனால் அளவுகளை எழுதி வைக்கலாம். பொருள் எல்லாம் கிளிநொச்சி, பரந்தன் பக்கத்தில் கிடைப்பவைதான்: பழைய இரும்புக் கடை, சைக்கிள் திருத்தும் கடை, மரக்காலை, ஒரு வெல்டிங் பட்டறை.

இப்படி ஒன்றைச் செய்ய இறங்குபவர்கள் அநேகமாக முகத்தில்தான் முதலில் கை வைப்பார்கள். முகத்தைக் கடைசிக்கு விடுங்கள். பார்ப்பவரின் மனதில் "இது என்னைக் கவனிக்கிறது" என்ற எண்ணத்தை எழுப்புவது எந்த உறுப்பு முதலில் அசைகிறது, எது எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்ற கணக்கு. சுவிற்சர்லாந்தில் நூஷாத்தெல் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூன்று பாவைகள் இதற்குச் சாட்சி. கடிகாரம் செய்பவரான பியர் ஜாக்கே-துரோவும் அவருடைய மகனும் உடன் வேலை செய்த லெஷோவும் சேர்ந்து 1768 முதல் 1774 வரை செய்தவை, இன்றும் இயங்குகின்றன. எழுதும் சிறுவனின் கண் பேனா போகும் இடத்தைத் தொடரும். ஆர்கன் வாசிக்கும் பெண்ணின் மார்பு மூச்சு விடுவதுபோல ஏறி இறங்கும். எழுத்துக்குக் கண் அசைய வேண்டியதில்லை, இசைக்கு மூச்சு வேண்டியதில்லை. ஆனாலும் அவற்றுக்கென்று தனியாகப் பொறி வைத்திருக்கிறார்கள். இந்தப் பாவையிலும் ஆறு தட்டில் பன்னீர் தெளிக்க உண்மையில் வேண்டியது இரண்டுதான். மற்ற நான்கும் பார்ப்பவருக்காக.

முதல் வேலை கடதாசியில். 36 செ.மீ. நீளத்துக்கு ஒரு கோடு கீறினால், கேம் தண்டின் ஒரு முழுச் சுற்றில் ஒரு மில்லிமீற்றர் ஒரு பாகை. 16 வினாடிச் சுற்றில் ஒரு வினாடிக்கு 22.5 பாகை வரும். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிப்பவர்களின் வீடியோ யாரிடமும் இருக்கும். அதைக் கைபேசியில் மெதுவாக ஓட்டி, கண் எப்போது புறப்படுகிறது, கை எப்போது புறப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மனிதரின் வேகத்தை அப்படியே வைத்தால் பாவை பதறுவதுபோலத் தெரியும். ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மெதுவாக்கினால் மரியாதையான அசைவாக வரும். கடைசியாக நிலைத்த கணக்கு இது. 0 முதல் 90 பாகை வரை மூச்சு மட்டும். 90 முதல் 98க்குள் கண் பக்கவாட்டில் போகும். 96இல் தலை புறப்பட்டு 130இல் நிற்கும். அதே நேரத்தில் 104 முதல் 130 வரை கண் நடுவுக்குத் திரும்பும். 120 முதல் 185 வரை கை உயரும். 185 முதல் 193 வரை கை அப்படியே நிற்கும். 193 முதல் 241 வரை மூன்று உதறல், ஒன்றுக்கு 16 பாகை. 241 முதல் 320 வரை கை இறங்கும். கை இறங்கிக்கொண்டிருக்கும்போதே 250இல் தலை குனியத் தொடங்கி 306இல் நிமிர்ந்துவிடும். 315 முதல் 350 வரை தலை நேரே திரும்பும்.

இதில் மாற்றக் கூடாதவை மூன்று. ஓர் அசைவு முடிந்த பிறகு அடுத்தது தொடங்கக் கூடாது. கொஞ்சமாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறி வர வேண்டும். தலை வந்து சேரும்போது கண் நடுவுக்கு வந்திருக்க வேண்டும். ஓரத்திலேயே நின்றால் சந்தேகப்பட்டுப் பார்ப்பதுபோல ஆகிவிடும். மூன்றாவது, கை உயர்ந்தபின் உதறலுக்கு முன் வரும் அந்த 8 பாகை. மூன்றில் ஒரு வினாடிக்குச் சற்றுக் கூட. அதை வெட்டிவிட்டால் முழு வேலையும் ஆலை இயந்திரம் ஓடுவதுபோலத் தெரிகிறது.

இனி இயக்கம். லொறி அல்லது கார் வைப்பர் மோட்டர் 12 வோல்ற்றில் குறைந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 45 சுற்று தரும். உள்ளே புழுப் பற்சக்கரம் (திருகுபோன்ற தண்டு ஒரு பற்சக்கரத்தைச் சுழற்றும் அமைப்பு) இருப்பதால் முறுக்கு நிறைய. 18 பல் சிறிய சக்கரத்திலிருந்து 44 பல் பெரிய செயின் வீலுக்கு, இப்படியே இன்னொரு கட்டம். மொத்தக் குறைப்பு கிட்டத்தட்ட 6 மடங்கு. கேம் தண்டு நிமிடத்துக்கு 3.75 சுற்று போக வேண்டுமானால் மோட்டர் 22 சுற்று அளவில் ஓட வேண்டும். அதற்குப் பி.டபிள்யூ.எம். வேகக் கட்டுப்பாட்டுப் பலகை (மின்சாரத்தை விட்டுவிட்டுக் கொடுத்து வேகத்தைக் குறைப்பது) போதும். மிகவும் குறைத்து வைத்தால் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது சரியாக இருக்கும், நிறுத்திவிட்டுத் திரும்பப் போடும்போது கிளம்பாது. அதனால் வேகத்தைப் பலகையில் பாதிக்குக் கீழே கொண்டுபோகாமல், மிச்சத்தைப் பற்சக்கரத்தில் குறைப்பதே நல்லது.

18 பல் சக்கரமாகச் சைக்கிள் பிறீவீலைப் போட்டதில்தான் பெரிய கோளாறு வந்தது. கை மேலே போகும்வரை ஒழுங்கு. உச்சி தாண்டி இறங்கும்போது கையின் பாரம் கேம் தட்டை முன்னோக்கித் தள்ளும். புழுப் பற்சக்கரம் அதைத் தாங்கியிருக்கும், ஆனால் இடையில் இருக்கும் பிறீவீல் முன்பக்கம் தடையில்லாமல் சுழலுமே; கை தொப்பென்று விழுந்து, தட்டு அரைவாசி தூரம் தானாக ஓடிவிடும். மிதிக்காமல் சைக்கிளை ஓடவிடும் அதே வசதி இங்கே தொல்லை. பிறீவீலின் வெளிவளையத்தையும் உள்வளையத்தையும் மூன்று இடத்தில் வெல்டிங் புள்ளி வைத்துப் பிணைத்ததும் சரியாகிவிட்டது. வெல்டிங்குக்கு முன் உள்ளே இருக்கும் கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவிவிடுங்கள், இல்லாவிட்டால் புகைந்து வெல்டிங் ஒட்டாது.

கேம் தண்டு 20 மி.மீ. உருளைக்கம்பி. இரண்டு முனையிலும் யு.சி.பி. 204 பெயரிங். தண்டில் தட்டுகளை நேரடியாகத் திருகாணியால் இறுக்கினால் பாரம் ஏறும்போது வழுக்கும். ஆறு இரும்பு வட்டங்களைத் தண்டோடு வெல்டிங் செய்து, ஒவ்வொன்றிலும் கேம் தட்டை இரண்டு போல்ற்றால் பூட்டுங்கள். தட்டில் போல்ற் போகும் துளை வட்டமாக இருக்கக் கூடாது. வளைந்த நீள்துளையாக, இரு பக்கமும் 10 பாகை நகர்த்தக் கூடியதாக வெட்ட வேண்டும். மேலே சொன்ன நேரக் கணக்கு முழுவதும் கடைசியில் இந்த நீள்துளையில் வைத்துத்தான் சரிசெய்யப்பட்டது. கடதாசியில் சரியாக இருந்த கண்ணும் தலையும் பாவையில் ஏற்றியதும் ஏழெட்டுப் பாகை பிந்தின. கம்பிகளின் தளர்ச்சி அவ்வளவு. நீள்துளை இல்லாதிருந்தால் தட்டையே புதிதாக வெட்ட வேண்டியிருக்கும்.

தட்டுக்கு முதலில் எடுத்தது 12 மி.மீ. பிளைவூட். வெட்டச் சுகம், ஆனால் ஓரத்தில் நெம்பு நுனியின் உருளை ஓட ஓட நார் குறுக்கே இருக்கும் அடுக்கு நசுங்கிப் பள்ளம் விழுகிறது. மாரி ஈரத்தில் ஊதியும் விடுகிறது. முதிரைப் பலகை தேயாது, ஆனால் நாரின் போக்கிலும் குறுக்கிலும் ஒரே அளவாக ஊதாததால் வட்டம் முட்டையாகிறது. கடைசியில் எடுத்தது சமையலறையில் மரக்கறி வெட்டும் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை, 12 மி.மீ. தடிப்பு. எண்ணெய் வேண்டாம், ஈரம் ஏறாது, சத்தமும் குறைவு. வெட்டும்போது மட்டும் கவனம்: ஜிக்சோவைக் குறைந்த வேகத்தில், பெரிய பல் அலகோடு ஓட்ட வேண்டும். வேகம் கூடினால் பிளாஸ்டிக் உருகி, வெட்டின இடமே பின்னால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். ஓரத்தை அரத்தால் தேய்த்தால் மயிர்மயிராக நிற்கும். கூரிய கத்தியை நிமிர்த்திப் பிடித்து வழித்தால் வழவழப்பாக வரும்.

கை உயர்த்தும் தட்டுத்தான் இருப்பதில் பெரியது. தோளில் நெம்பு 32 மி.மீ. நீளம், கை 55 பாகை திரும்ப வேண்டும், அதற்குத் தட்டு தர வேண்டிய ஏற்றம் 30 மி.மீ. முதலில் அடி ஆரை (மேடு தொடங்கும் முன் உள்ள ஆரை) 40 மி.மீ. வைத்து வெட்டியதில் மேடு செங்குத்தாகி, நெம்பு மேலே ஏறாமல் பக்கவாட்டில் தள்ளப்பட்டு இறுகியது. கணக்குப் பார்த்தால் சரிவு 44 பாகை. அடி ஆரையை 70 ஆக்கியதும் அது 32க்கு வந்தது, இறுக்கம் போய்விட்டது. 30 பாகையை ஒட்டி வைத்துக்கொள்ள முடிந்தால் நல்லது. இதற்காகத்தான் தட்டு 200 மி.மீ. விட்டத்துக்குப் பெருத்தது, பெட்டியின் அகலத்தைத் தீர்மானிக்கும் முன்பே இதைக் கீறிப் பாருங்கள்.

மேட்டை எப்படி வளைப்பது என்பதில்தான் அசைவின் அழகு. நேர்கோடாக ஏற்றினால் கை ஓர் உதைப்போடு கிளம்பி ஓர் உதைப்போடு நிற்கும். மெதுவாகக் கிளம்பி, நடுவில் வேகமாகி, மெதுவாக நிற்க வேண்டும். 65 பாகையை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் 70 மி.மீ. அடி ஆரைக்கு மேல் வரிசையாக 0.4, 2.7, 7.9, 15, 22.1, 27.3, 29.6, 30 மி.மீ. குறித்து, புள்ளிகளை வளைகோல் வைத்து இணையுங்கள். வேறு ஏற்றம் வேண்டுமானால் இதே விகிதத்தில் பெருக்கினால் போதும். தலைக்கும் குனிவுக்கும் இதே வளைவுதான். கண்ணுக்கு மட்டும் இது வேண்டாம். கண் மனிதருக்கும் வெடுக்கென்றுதான் திரும்பும். அதை மெதுவாக்கினால் மயக்கத்தில் இருப்பவரின் பார்வை வந்துவிடுகிறது.

ஒவ்வொரு தட்டிலும் இலக்கம், சுழலும் பக்கம், பூச்சியக் கோடு மூன்றையும் ஆழமாகக் கீறி வையுங்கள். பாவையின் நினைவு முழுக்கத் தட்டின் ஓரத்தில் இருக்கிறது. 1928இல் பிலடெல்பியாவின் பிராங்கிளின் நிறுவனத்துக்குச் சிதைந்த நிலையில் ஒரு பாவை வந்தது. செய்தவர் யாரென்று அங்கே சரியாகத் தெரியாது. திருத்தி ஓட்டியபோது அது படங்களும் பாட்டுகளும் வரைந்து, ஒரு பாட்டின் ஓரத்தில் மெய்யார்தே என்ற தன் செய்வினைஞரின் பெயரைப் பிரெஞ்சில் தானே எழுதியது. பித்தளைத் தட்டுகளில் அந்த எழுத்து ஒரு நூற்றாண்டுக்கு மேல் கிடந்திருக்கிறது. உங்கள் பாவையைப் பிறகு திறக்கப் போகிறவருக்கும் தட்டு தவிர வேறு குறிப்பு இருக்காது.

அசைவை மேலே கொண்டுபோக முதலில் சைக்கிள் பிறேக் கேபிள் போட்டுப் பார்த்தது சரிவரவில்லை. பெட்டியிலிருந்து தலைக்கு இரண்டு வளைவு; அந்த உராய்வில் 4, 5 மி.மீ. இழுவை கேபிளுக்குள்ளேயே தொலைந்துவிடுகிறது. கண்ணுக்கு மொத்தம் தேவைப்படுவதே 7 மி.மீ. அளவுதான். அதனால் கண் ஒட்டிநின்று திடீரென்று பாயும். கைக்கும் தலைத் திருப்பத்துக்கும் 4 மி.மீ. நேர்க்கம்பி போட்டதும் அது தீர்ந்தது. கண்ணுக்கும் குனிவுக்கும் கழுத்துக் குழாயின் நடு வழியாக நூல். நடுவால் போவதால் தலை திரும்பும்போது நூலின் நீளம் மாறாது. முல்லைத்தீவுக் கடற்கரைக் கடைகளில் கிடைக்கும் தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) கண்ணுக்குப் போதும், பாரம் இல்லை. குனிவுக்குத் தலையின் பாரம் விழுவதால் தங்கூசி இழுபடுகிறது. வெயிலில் இன்னும் கூட. அங்கே பிறேக் கேபிளின் உட்கம்பியை மட்டும் உருவி எடுத்துச் சிறிய கப்பியில் ஓடவிடுங்கள்.

கைதான் அதிக நேரம் எடுத்த பகுதி. மணிக்கட்டை உதறும் கம்பி தோளைத் தாண்டிப் போக வேண்டும். கேபிளால் இழுத்தபோது மணிக்கட்டு வேலை செய்தது, ஆனால் கை 55 பாகை உயர்ந்தால் கையில் இருக்கும் செம்பும் அதோடு 55 பாகை பாவையின் பக்கம் சாய்ந்து, பன்னீர் கழுத்து வழியே சட்டைக் கையில் வடிந்தது. இதற்கு வழி, தோள் அச்சிலேயே இரண்டாவது நெம்பு ஒன்றைத் தனியாகச் சுழலும்படி மாட்டுவது. அதிலிருந்து மணிக்கட்டில் இருக்கும் அதே நீள (20 மி.மீ.) நெம்புக்கு ஒரு கம்பி. தோளும் மணிக்கட்டும் ஒரு பக்கம், இந்தக் கம்பி எதிர்ப்பக்கம், நடுவே இரண்டு நெம்புகள்: ஓர் இணைகரம். கை எவ்வளவு உயர்ந்தாலும் செம்பு நிமிர்ந்தபடியே நிற்கும். தோளில் இருக்கும் அந்தத் தனி நெம்பை உதறல் தட்டு ஆட்டினால் மணிக்கட்டு மட்டும் ஆடும். ஒரே கம்பியில் இரண்டு பிரச்சினையும் போனது. முழங்கை மடிந்தே இருப்பதால் கம்பி வெளியே தெரியும்; கையின் உட்பக்கமாக விட்டு, தோல் நிறம் பூசி, சேலை மடிப்பால் மறைக்கலாம்.

உதறல் தட்டில் மூன்று பற்கள். ஒவ்வொன்றும் 11 பாகையில் 8 மி.மீ. ஏறி, செங்குத்தாக விழுந்து, 5 பாகை தாழ்வில் நிற்கும். 8 மி.மீ. என்றால் மணிக்கட்டில் 23 பாகை. ஏறும்போது செம்பு பின்னால் போகும், விழும்போது ஸ்பிறிங் அதை முன்னால் அடிக்கும். மற்ற ஐந்து தட்டுக்கும் நெம்பு நுனியில் 16 மி.மீ. விட்டமுள்ள 625 பெயரிங் உருளை போட்டிருக்கிறது. இதற்கு அது உதவாது: உருளையின் ஆரையே 8 மி.மீ., பள்ளத்தின் அகலம் 6 மி.மீ. அளவு, உருளை அடியைத் தொடாமல் மேலேயே தொங்கி, உதறல் பாதியாகிறது. நுனி உருட்டிய பித்தளைத் துண்டு ஒன்றைத் திருகாணியால் பூட்டினால் அடிவரை விழும். பல் செங்குத்தாக இருப்பதால் மோட்டர் எதிர்ப்பக்கம் சுழன்றால் நெம்பு பல்லில் மாட்டி முறியும். பற்றரி வயரை மாற்றிக் கொடுக்க முடியாதபடி இரண்டு வெவ்வேறு அளவுக் கவ்விகளைப் போடுங்கள்.

பன்னீர் வெளியே வருவது செம்பு வேகமாகப் போவதால் இல்லை; போய்த் திடீரென்று நிற்பதால். மணிக்கட்டு முட்டும் இடத்தில் மெத்தைத் துண்டு வைத்தால் சத்தம் குறையும், பன்னீரும் வராது. ரயர் ரப்பர் 3 மி.மீ. துண்டுதான் நடுத்தரம். செம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றக் கூடாது. நிரப்பி வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடிவந்து மோத இடமில்லாமல் போகிறது. ஒரு நிரப்பல் ஏறக்குறைய 15 நிமிடம் நின்றது. வெள்ளிப்பூச்சுப் பித்தளைச் செம்பு பாரம் அதிகம். தண்ணீரோடு 250 கிராமுக்குள் நிற்கும் மெல்லிய செம்பைத் தேடி எடுங்கள். அப்படியும் கை கிடையாக வரும்போது தோள் நெம்பில் ஏறக்குறைய 4 கிலோ விழுகிறது. அதில் 3 கிலோவை ஒரு ஸ்பிறிங் தாங்கட்டும். முழுவதையும் தாங்கவிடாதீர்கள்: மிச்ச 1 கிலோதான் உருளையைத் தட்டின்மேல் அழுத்தி வைத்திருக்கிறது. சைக்கிள் ரியூப் ரப்பர் ஸ்பிறிங்குக்குப் பதிலாகாது, வன்னி வெயிலில் ஒரு பகலிலேயே தளர்ந்துவிடும்.

தலைக்கும் கைக்கும் முள்முருக்கு. வேலிக்கு நடுகிற மரம்தான், இலேசானது, உளிக்கு வெண்ணெய்போல இசையும். ஆனால் சீக்கிரம் உளுத்துப் போகும். நிழலில் மூன்று மாதம் உலரவிட்டு, குடைந்து முடித்தபின் வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த 5 வீதக் கரைசலைப் பூசிக் காயவிடுங்கள். நெம்பும் அச்சும் பூட்டும் இடங்களில் முள்முருக்கு திருகாணியைப் பிடிக்காது. அங்கே பூவரசுத் துண்டு பதிக்க வேண்டும். தலையைக் காது வரிசையில் இரண்டாகப் பிளந்து, 12 மி.மீ. சுவர் விட்டுக் குடைந்து, நான்கு திருகாணியால் மூடுங்கள். ஒட்டிவிட்டால் கண்ணின் நூல் அறும் அன்றைக்குத் தலையை உடைக்க வேண்டும்.

கண் 22 மி.மீ. மரமணி இரண்டு, நடுவுக்கு நடு 48 மி.மீ., ஒரு குறுக்குத் தண்டால் இணைத்தது. நூல் ஒரு பக்கம், மெல்லிய ஸ்பிறிங் மறுபக்கம். திருப்பம் இரு பக்கமும் 20 பாகை. இரண்டு கண்ணையும் முற்றிலும் இணையாக வைத்தால் பாவை தூர வானத்தைப் பார்க்கும். விருந்தாளி நிற்பது 1.5 மீற்றரில், ஒவ்வொரு கண்ணையும் 1 பாகை அளவு உள்ளே திருப்பிப் பூட்டினால் பார்வை அவர் முகத்தில் விழும். கருவிழியின் மேல் ஓரத்தை இமை மூட வேண்டும். சுற்றிவர வெள்ளை தெரிந்தால் அது பயந்த முகம், எத்தனை அழகாகத் தீட்டினாலும் மாறாது. வெள்ளையும் சுத்த வெள்ளையாக வேண்டாம், ஒரு துளி காவியும் ஒரு துளி கறுப்பும் கலக்கட்டும்.

முகத்தை அச்சு அசலாக மனித முகம்போல ஆக்கவில்லை. தோல் சுருக்கம், மயிர்க்கால் எதுவும் இல்லை; கோயில் வாகனங்களில் வரும் பாவைகளின் வழியில், வளைந்த புருவமும் தெளிந்த உதடும் உள்ள எளிய முகம். மனிதரை மிக நெருங்கிய, ஆனால் முழுமையாக எட்டாத உருவம் பார்ப்பவருக்கு ஒருவிதக் கூச்சத்தைத் தரும் என்று ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி 1970இல் எழுதினார். உருவம் அசையும்போது அந்தக் கூச்சம் இன்னும் கூடும் என்பதும் அவர் சொன்னதுதான். ஆறு தட்டில் வரும் அசைவுக்கு ஏற்ற முகம் எளிய முகம். மினுங்கும் பெயின்ற் தோலுக்குக் கூடாது, வாசல் மின்குமிழில் முகம் நனைந்ததுபோலத் தெரியும். மினுக்கம் கண்ணுக்கு மட்டும்.

மூச்சுத் தட்டு எல்லாவற்றிலும் எளியது: நான்கு மேடு, 16 வினாடியில் நான்கு மூச்சு. நெஞ்சில் வரும் அசைவு 4 மி.மீ. 10 மி.மீ. வைத்துப் பார்த்தால் ஓடிவந்து இளைப்பவர்போல இருக்கிறது. தனியே யாரும் இதைக் கவனிப்பதில்லை, ஆனால் இந்தத் தட்டைக் கழற்றி ஓட்டிப் பாருங்கள்: முதல் நான்கு வினாடியில் வாசலில் நிற்பது வெறும் பொம்மை.

உடுப்பு தைப்பவரிடம் பாவையைக் கொண்டுபோய் ஓட்டிக் காட்டிய பின்பே அளவு எடுக்க வேண்டும். வலக்கை அக்குளில் சாய்சதுரத் துண்டு வைத்துத் தைக்காவிட்டால் துணி கையைப் பிடித்து இழுக்கும். பட்டு விறைப்பாக நின்று தோளைத் தடுக்கிறது. மெல்லிய பருத்திச் சேலை தானாக விழும். முந்தானை இடத்தோளில், அசைவு வலத்தோளில் என்பதால் மற்றதெல்லாம் சுலபம். கொண்டையின் பாரம் தலையைப் பின்னால் இழுத்துக் குனிவுக் கம்பியை இறுக்கமாக வைத்திருக்கும், ஆகவே கொண்டையைப் பெரிதாகவே வையுங்கள்.

செம்மண் புழுதி கிறீஸில் ஏறினால் அரத்தாள்போலப் பெயரிங்கைத் தின்னும். தட்டுகளுக்கு எதுவும் பூசாதீர்கள். செயினை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவைத்து, உருக்கிய மெழுகில் முக்கி எடுத்தால் புழுதி ஒட்டாது. செயின் சத்தம் பெட்டியில் முழங்கும். உட்சுவருக்குப் பழைய தும்பு மெத்தையை வெட்டி ஒட்டினால் பாதி அடங்கும். மோட்டரின் பக்கத்தில் மட்டும் தும்பை விடாதீர்கள், சூடு ஏறும். வைப்பர் மோட்டர் பலவற்றில் மோட்டரின் உடலே பற்றரியின் எதிர்முனை. நேர்முனை வயர் எங்காவது உரசி இரும்புச் சட்டத்தைத் தொட்டால் அப்படியே பொறி பறக்கும். பற்றரிக்குப் பக்கத்திலேயே 10 அம்பியர் பியூஸ் கட்டாயம். பெட்டியின் பின்கதவுக்குப் பூட்டு, உள்ளே கம்பிவலை: திருவிழாவில் பிள்ளைகளின் விரல் செயினைத் தேடி வரும்.

செலவு. பழைய மோட்டர் 5,500 ரூபா, வேகப் பலகை 1,400, இரண்டு பெரிய பெயரிங் 2,600, பழைய செயினும் சக்கரங்களும் 3,800, பிளாஸ்டிக் பலகை மூன்று 7,200, உருளைப் பெயரிங் ஐந்து 750, சட்டத்துக்கு இரும்பு 6,000, வெல்டிங் கூலி 7,000, பெட்டிக்குப் பிளைவூட் 6,000, 12 வோல்ற்று 7 அம்பியர்-மணி பற்றரி 6,500, உடுப்பும் பெயின்றும் 8,000, ஸ்பிறிங், போல்ற், கம்பி வகையறா 4,000. மொத்தம் 58,750 ரூபா. மரம் வேலியில் வெட்டியது, தச்சுக்கூலி சேர்க்கவில்லை. அந்தப் பற்றரி ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நம்ப முடியாது. இரவு முழுக்க ஓட்டியது லொறிப் பற்றரியில். முதலிலேயே அதை இரவல் வாங்க முடிந்தால் 6,500 ரூபா மிச்சம்.

அடுத்த பாவையில் மாற்ற வேண்டியவை சில. எல்லா நெம்பு அச்சுக்கும் முதலிலேயே பித்தளைப் புதை வளையம் போட வேண்டும்; 3.9 மி.மீ. துளைத்து 4 மி.மீ. ஊசியை இறுக்கமாகச் செருகினாலே கண்ணின் பிந்தல் பாதியாகக் குறைகிறது. குனியும்போது கண் நூல் கொஞ்சம் இழுபட்டுப் பார்வை 5 பாகை அளவு விலகுகிறது. கண் நூலைக் குனிவு அச்சுக்கு இன்னும் ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். பெரிய மாற்றம், பாவை ஆள் வந்தால் மட்டும் இயங்க வேண்டும் என்பது. ஜப்பானின் தேநீர் கொண்டுவரும் பாவையில் கிண்ணத்தின் பாரமே சுவிட்ச்: வைத்தால் நடக்கும், எடுத்தால் நிற்கும். 1796இல் ஹொசொக்காவா ஹன்சோ அதன் உறுப்புகளைப் படத்தோடு அச்சிட்டிருக்கிறார். இங்கே வாசல் கால்மிதிக்குக் கீழே ஒரு அழுத்துச் சுவிட்ச் அதே வேலையைச் செய்யும். அசைவை உணரும் மின்கண் வேண்டாம். தெருநாய்க்கும் ஆட்டுக்கும் பன்னீர் தெளித்துக்கொண்டிருக்கும். நிறுத்துவதற்கு வைப்பர் மோட்டருக்குள்ளேயே இருக்கும் நிறுத்துச் சுவிட்சை நம்பக் கூடாது. அது மோட்டரின் ஒவ்வொரு சுற்றிலும் நிறுத்தும், தண்டின் ஒரு சுற்றுக்குள் ஆறு தரம். கேம் தண்டில் ஏழாவதாக ஒரு சிறிய தட்டு, அதில் ஒரே ஒரு பள்ளம், பள்ளத்தில் விழும் நுண்சுவிட்ச்: பாவை எப்போதும் பூச்சியக் கோட்டில் வந்து நிற்கும். மூச்சை மட்டும் அப்போதும் நிறுத்தக் கூடாது. அந்தத் தட்டைத் தண்டிலிருந்து பிரித்து, தனியாக ஒரு சின்ன மோட்டரில் ஓடவிட வேண்டும்.